கியர்ப்பெட்டியைத் திறக்குமுன்

சென்ற மழைக்காலத்தில் நம் சங்க அன்பர் ஒருவருக்கு நேர்ந்த இடரே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அவர் செம்பூரில் குடியிருப்பவர். இரண்டாண்டுகளுக்கு முன் பழைய வண்டியொன்றை வாங்கினார். கிளச்சு இல்லாத, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. முழங்கால் வலியால் துன்புறும் தம் துணைவியாரும் மும்பை நெரிசலில் அதனை எளிதாக ஓட்டலாம் என்பதே அவர் கருத்து. ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, வண்டி நின்ற இடத்திலிருந்து எழும்ப மறுத்தது. எஞ்சின் இரைந்ததே தவிர, வண்டி கிழவர் நடப்பதுபோல் ஊர்ந்து, நெடுநேரம் கழித்தே வேகம் கொண்டது. அன்பர் அருகிலிருந்த பட்டறைக்குச் சென்று, தமக்குத் தெரிந்த இந்தியில், "பிக்கப் நஹீ ஹை" என்று முறையிட்டார்.

நம் நாட்டுப் பட்டறைகளில் "பிக்கப் இல்லை" என்றால், வண்டி விரைந்து வேகம் எடுக்கவில்லை என்று பொருள். அதைக் கேட்ட மெக்கானிக் எஞ்சினைத்தானே பார்ப்பார்? அவ்வாறே பெட்ரோல் வடிகட்டியை மாற்றினார், ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார், பயன் இல்லை. நான்காம் நாள், "கியர்ப்பெட்டி போய்விட்டது, இறக்கிப் பிரித்துப் புதுப்பிக்க ஒன்றரை லட்சம் ஆகும்" என்று தீர்ப்பு வந்தது. அன்பர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணமும் ஏறக்குறைய அவ்வளவே.

கவலையோடு அவர் நம்மிடம் வந்தபோது, குர்லாவில் இத்தகைய வண்டிகளையே பல்லாண்டு பழுதுபார்த்துவரும் முதியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் வண்டியைத் தொடுமுன் மூன்று கேள்விகள் கேட்டார். பின்னோக்கி ஒழுங்காகச் செல்கிறதா? வேகம் எடுத்த பின்பு ஒழுங்காக ஓடுகிறதா? கியர்த்தண்டை நகர்த்தும்போது வண்டி குலுங்குகிறதா? மூன்றுக்கும் ஆம் என்பதே விடை. பெரியவர் முன்மூடியைத் திறந்து, பியூஸ் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். எரிந்திருந்தது. புதியது ஒன்றை இட்டார், அதுவும் எரிந்தது. பின்னர் வண்டியின் அடியில் படுத்துத் தேடியபோது, கியர்ப்பெட்டிக்குச் செல்லும் கம்பிக் கொத்தை எலி கடித்துச் செம்பு வெளியே தெரிவதைக் கண்டார். மழைக்கு ஒதுங்கிய எலி! கம்பியை ஒட்டி, உறையிட்டு, பியூஸை மாற்றியதும் வண்டி முன்போல் ஓடியது. கூலியும் பொருளும் சேர்ந்து ஓராயிரத்தைத் தாண்டவில்லை.

முதற் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. அவர் அறியாமலும் இருந்திருக்கலாம். நம் அன்பர் சொன்ன சொல்லும் அவரைத் தவறான வழியில் செலுத்தியது. மொழி முழுவதும் நம்முடையதல்லாத ஊரில் வாழும் நமக்கு இது சிறிய செய்தியன்று. ஆதலின் தானியங்கிக் கியரின் இயல்பையும், அதன் நோயைப் படிப்படியாக அறியும் முறையையும் இங்கே விளக்க முற்படுகின்றோம்.

எண்ணெய் செய்யும் வேலை

கிளச்சு உள்ள வண்டியில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் உள்ள தொடர்பைக் கால் வெட்டுகிறது. கை கியரை மாற்றுகிறது. தானியங்கி வண்டியில் இவ்விரு வேலைகளையும் எண்ணெய் செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றினால் மற்றொன்றும் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நினைத்துக்கொண்டால் அதுவே டார்க் கன்வர்ட்டரின் அடிப்படை. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905 ஆம் ஆண்டில் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் எண்ணியது கப்பல்களுக்காக. கார்களுக்கு அது பின்னரே வந்தது.

அதற்குப் பின்னால் பற்சக்கரத் தொகுதி இருக்கிறது. நடுவில் ஒரு சக்கரம், அதனைச் சுற்றிச் சிறு சக்கரங்கள், அவற்றுக்கு வெளியே ஒரு வளையம். கதிரவனும் கோள்களும் போன்ற இவ்வமைப்பில் எதனைப் பிடித்து நிறுத்துகிறோம், எதனைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கியர் மாறும். பிடித்து நிறுத்துபவை கிளச்சுத் தட்டுகளும் பட்டைகளும். அவற்றை அழுத்துவது எண்ணெய். அவ்வெண்ணெய்க்கு அழுத்தம் தருவது எஞ்சினால் சுழலும் பம்பு.

இதிலிருந்தே இரண்டு உண்மைகள் விளங்கும். எஞ்சின் ஓடாதபோது பம்பும் ஓடாது. ஆகவே பாட்டரி இறங்கிவிட்டால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழக்கம் இவ்வகை வண்டிக்கு உதவாது. அவ்வாறே, ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் கட்டி இழுத்துச் சென்றால், எண்ணெய் ஓட்டமின்றி உள்ளுறுப்புகள் தேய்ந்து கெடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்நாளில் "ஆட்டோமேட்டிக்" என்று விற்கப்படும் வண்டிகள் எல்லாம் இவ்வினம் அல்ல. சிறிய கார்கள் பலவற்றில் வழக்கமான கியர்ப்பெட்டியே இருக்க, கிளச்சை மிதிக்கும் வேலையை மட்டும் ஒரு பொறி செய்கிறது. அதற்கு ஏ.எம்.டி. என்று பெயர். வேறு சிலவற்றில் பற்சக்கரங்களுக்குப் பதிலாக உலோகப் பட்டை ஓடும் சி.வி.டி. இருக்கிறது. நாம் சொல்லப்போவது டார்க் கன்வர்ட்டர் உள்ள பழைய வகைக்கே பொருந்தும். தம் வண்டி எவ்வினம் என்பதை அதன் கைந்நூலில் பார்த்து அறிதல் முதற் கடமை.

மூன்று தூதர்கள்

இக்கியர்ப்பெட்டியின் நோய்களைக் கற்க அமெரிக்கப் பிக்கப் வண்டி நல்ல பாடநூல். பிக்கப் என்பது முன்னே ஓட்டுநர் அறையும், பின்னே திறந்த சரக்குத் தொட்டியும் உள்ள வண்டி. அமெரிக்கர் அதில் வைக்கோல் ஏற்றுவர்; படகு கட்டி இழுப்பர்; முப்பது ஆண்டு ஆயினும் விடாமல் ஓட்டுவர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கிக் கியரை 1940 ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அளித்தது. 1954 இல் செவர்லே பிக்கப்பிலும் அது கிடைத்தது. உழைப்பும் முதுமையும் சேர்ந்த வண்டிகள் ஆதலால், அவற்றின் குறைகளை மெக்கானிக்குகள் ஐயமற அறிந்திருக்கின்றனர்.

கியர்ப்பெட்டி எப்போது கியரை மாற்ற வேண்டும்? இரண்டு செய்திகள் அதற்குத் தேவை. ஒன்று, வண்டி செல்லும் வேகம். மற்றொன்று, ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறார் என்பது. இந்த இரண்டாவது செய்தியைக் கொண்டுவரும் தூதன் காலத்துக்கேற்ப மாறியிருக்கிறான். அவன் செய்தியைத் திரித்துச் சொன்னால், நலமாக உள்ள கியர்ப்பெட்டியும் நோயுற்றதுபோல் நடந்துகொள்ளும்.

1969 மாடல்களில் வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்னும் பெட்டியில், எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலிமையே தூது. ஒரு ரப்பர்க் குழாய் அதனைக் கியர்ப்பெட்டிக்குக் கொண்டுவரும். குழாய் வெடித்தால், ஓட்டுபவர் முழுவதும் அழுத்துகிறார் என்று பெட்டி தவறாகக் கருதும். கியர்கள் காலந்தாழ்ந்து, இடித்துக்கொண்டு மாறும். அக்குழாயின் முனையிலுள்ள கருவியின் சவ்வு கிழிந்தாலோ, எஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். புகைக்குழாயில் வெண்புகை வரும்; ஒழுகல் எங்கும் காணாமலே எண்ணெய் குறையும்.

1982 இல் வந்த 700ஆர்4 என்னும் பெட்டியில் தூது ஒரு கேபிள். அது மிக இறுகியிருந்தால் கியர் தாமதமாகவும் கடுமையாகவும் மாறும். மிகத் தளர்ந்திருந்தால் விரைவாகவும் மென்மையாகவும் மாறும். "எவ்வளவு இனிமையாக ஓடுகிறது!" என்று ஓட்டுபவர் மகிழ்வார். உண்மையில் அப்போது எண்ணெயின் அழுத்தம் குறைந்து, கிளச்சுத் தட்டுகள் வழுக்கி எரிந்துகொண்டிருக்கும். கேபிள் கழன்ற நிலையில் ஓட்டிப் பெட்டியை அழித்தவர் பலர். சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடிய கேபிள் அது.

1993 முதல் அதே பெட்டி 4எல்60-இ என்னும் பெயரில் மின்சாரக் கட்டுப்பாட்டுக்கு வந்தது. சாலினாய்டு என்னும் மின் வால்வுகள் இரண்டு கியரைத் தேர்ந்தெடுக்கின்றன. முதற் கியரில் இரண்டுக்கும் மின்சாரம் உண்டு. இரண்டாம் கியரில் இரண்டாவதற்கு மட்டும். நான்காம் கியரில் முதலாவதற்கு மட்டும். மூன்றாம் கியரில் இரண்டுக்கும் இல்லை. ஆகவே மின்சாரம் முற்றும் அற்றுப்போனால், வண்டி புறப்படுவதே மூன்றாம் கியரில்தான். எண்ணெயின் அழுத்தமும் அப்போது உச்சத்துக்குச் செல்லும். தண்டை நகர்த்தினால் 'தொம்' என்று இடிக்கும். பின்னோக்கிய கியர் தண்டின் வழியாகவே எண்ணெய் பெறுவதால் குறையின்றி வேலை செய்யும்.

நம் செம்பூர் அன்பரின் வண்டி அமெரிக்க வண்டியன்று. எனினும் நான்கு கியர்ப் பெட்டிகள் பல இம்முறையையே பின்பற்றுகின்றன. குர்லாப் பெரியவர் மூன்று கேள்விகளால் நோயை அறிந்த வித்தை இதுவே.

ஆராயும் வரிசை

நோயை ஆராய்வதற்கு ஒரு வரிசை உண்டு. செலவற்றது முதலில், செலவு மிக்கது கடைசியில். இவ்வரிசையை மாற்றுவதாலேயே பணம் வீணாகிறது.

முதலாவது, எண்ணெய். அதனை அளக்கும் குச்சியுள்ள வண்டிகளில் பெரும்பாலானவற்றை, சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி அளக்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. குச்சியே இல்லாத வண்டிகளும் உண்டு. கைந்நூல் சொல்வதே முடிவு. எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை விழுங்கும், கியர் பிடிக்கத் தாமதமாகும், திருப்பங்களில் வழுக்கும். மிகுந்தாலும் கேடுதான், சுழலும் உறுப்புகள் கடைந்து நுரையாக்கிவிடும்.

அளவைப் போலவே நிறமும் மணமும் பேசும். புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். பழுப்பேறிக் கருகல் மணம் வீசினால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ரோஜாப்பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் இருவழியில் வரலாம். ரேடியேட்டருக்குள் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ஓட்டையாகியிருக்கலாம். அல்லது வெள்ளத்தில் வண்டி முழுகியிருக்கலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், தெருக்களில் கார்கள் மூழ்கிக் கிடந்ததையும் நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் புகுந்த பெட்டியை ஓட்டிப் பார்த்தல் கூடாது. தட்டுகளின் மேலுள்ள உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசை நீரால் விட்டுப்போகும்.

குறைந்த எண்ணெயை நிரப்பும்போது இனம் மாறக்கூடாது. அமெரிக்க வண்டிகளிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் டெக்ஸ்ரான் என்றும், ஃபோர்டு மெர்க்கான் என்றும், கிரைஸ்லர் ஏ.டி.எஃப்.+4 என்றும் தனித்தனி இனங்களைக் குறித்தன. "எல்லாம் சிவப்புத்தானே" என்று கடைக்காரர் சொல்வதை நம்பிவிடுதல் ஆகாது.

இரண்டாவது, வெளியே தெரியும் தொடர்புகள். தண்டிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிள் நழுவியிருக்கிறதா? ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறதா? பியூஸ் எரிந்திருக்கிறதா? கம்பி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா? மும்பையின் உப்புக் காற்றும் மழையும் எலியும் இவற்றை விட்டுவைப்பதில்லை. ஒரு டார்ச்சு விளக்கும் கால் மணி நேரமும் இருந்தால் இவற்றுட் பலவற்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மூன்றாவது, கணினியின் சாட்சியம். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களிலும் இலகு டிரக்குகளிலும் பதினாறு முள் கொண்ட பொது இணைப்பு கட்டாயமாயிற்று. நம் நாட்டில் அண்மைக்கால வண்டிகளிலும் அது உண்டு. அதில் சிறு கருவியைச் செருகினால் குறையின் எண் தோன்றும். எனினும் அவ்வெண் எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்று கூறுவதன்று; எந்தத் திசையில் தேட வேண்டும் என்று காட்டுவது. சாலினாய்டு என்று எண் வந்தால், சாலினாய்டு கெட்டிருக்கலாம். அதற்குச் செல்லும் கம்பியும் அறுந்திருக்கலாம்.

நான்காவது, ஓட்டிப் பார்த்தல். எந்தெந்தக் கியர் இருக்கிறது, எது இல்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். கியர்கள் காணாமற்போகும் வகையே உள்ளே முறிந்த உறுப்பைச் சொல்லிவிடும். 4எல்60-இ பெட்டியை மீண்டும் எடுத்துக்கொள்வோம். முதலும் இரண்டும் பின்னோக்கும் நன்றாக இருக்க, மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் வீறிட்டு வண்டி இழுக்காமற்போனால், மூன்று-நான்குக்குரிய கிளச்சுத் தட்டுகள் எரிந்திருக்கின்றன. இரண்டும் நான்கும் பின்னோக்கும் ஒருங்கே மறைந்து, முதலும் மூன்றும் எஞ்சினால், நடுச் சக்கரத்தைச் சுழற்றும் உலோகக் கூடு முறிந்திருக்கும். இரண்டும் நான்கும் இல்லை, பின்னோக்கு உண்டு என்றால் பட்டையின் மேல் ஐயம் கொள்ளலாம். இரண்டும் மூன்றும் மட்டுமே கிடைத்தாலோ, முதற் சாலினாய்டுக்கு மின்சாரம் செல்லவில்லை என்று கருதலாம். அதற்குப் பெட்டியை இறக்க வேண்டியதில்லை, அடித்தட்டைக் கழற்றினாற் போதும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது, மேடுபள்ளமான கோடுகளின் மேல் ஓடுவதுபோல் வண்டி நடுங்கும். எஞ்சினின் குறையென்று பலர் நினைப்பர். அவ்வேகத்தில் டார்க் கன்வர்ட்டரின் இரு பகுதிகளையும் ஒன்றாகப் பூட்டும் கிளச்சு ஒன்று உண்டு; அது வழுக்கினாலும் இந்நடுக்கம் தோன்றும். ஆளற்ற நேர்ச்சாலையில் பிரேக்கை மெல்லத் தொட்டால் அப்பூட்டு விடுபடும். அக்கணமே நடுக்கம் நின்றால், தேட வேண்டிய இடம் அதுவே.

ஐந்தாவது, அழுத்தமானியால் எண்ணெயின் அழுத்தத்தை அளத்தலும், அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தலும். இவை மெக்கானிக் செய்ய வேண்டியவை. நாம் உடனிருந்து காண வேண்டியவை. தட்டிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறக் குழம்பு ஒட்டியிருத்தல் இயல்பே. அதைக் காட்டி யாரேனும் அச்சுறுத்தினால் அஞ்ச வேண்டாம். பளபளக்கும் உலோகச் சில்லுகளோ, கருகிய தட்டுகளின் துகள்களோ மிகுதியாகக் கிடந்தால்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அப்போது தயங்குவதும் தவறு. தாமதித்தால் அத்துகள்களே வால்வுகளை அடைத்துச் செலவை இரட்டிப்பாக்கும்.

ஊருக்குச் செல்லும்போது

கோடை விடுமுறையில் புணே, கோலாப்பூர், பெல்காம், பெங்களூர் வழியாகக் குடும்பத்தோடு ஊருக்கு ஓட்டிச் செல்வோர் நம்மிடையே பலர். தானியங்கிப் பெட்டிக்கு வெப்பமே பெரும் பகை. கண்டாலா மலைப்பாதையில் ஆறு பேரும் மூட்டைகளும் ஏறிய பழைய வண்டி, மூன்றுக்கும் நான்குக்கும் இடையே மாறி மாறித் தவிக்குமானால், ஒவ்வொரு மாற்றத்திலும் வெப்பம் பெருகுகிறது. தண்டைத் தாழ்ந்த கியருக்கு இழுத்து அதிலேயே நிறுத்துதல் நலம். இறங்கும்போதும் அவ்வாறே செய்தால் பிரேக்கும் பிழைக்கும். புறப்படுமுன் எண்ணெயைப் பார்க்க மறவாதீர்கள்.

என்ன சொல்ல வேண்டும்?

பட்டறைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்பா? எந்தக் கியரில்? தாமதமா, இடிப்பா, வழுக்கலா, அறவே மாறவில்லையா? இதற்குமுன் என்ன நடந்தது: வெள்ளமா, பாட்டரி மாற்றமா, வேறு பழுதா?

இடித்தால் "ஜட்கா மார்தா ஹை" என்றும், வழுக்கினால் "ஸ்லிப் ஹோதா ஹை" என்றும், தாமதமானால் "கியர் தேர் சே படல்தா ஹை" என்றும், பின்னோக்கு நன்றாயிருந்தால் "ரிவர்ஸ் டீக் ஹை" என்றும் சொன்னால் மும்பையில் எந்தப் பட்டறையிலும் விளங்கும். "பிக்கப் இல்லை" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டியிலுள்ள தூதன் பொய் சொன்னால் கியர்ப்பெட்டி தடுமாறுகிறது. நாம் குறைவாகச் சொன்னால் மெக்கானிக் தடுமாறுகிறார்.

பெட்டியை இறக்க வேண்டும் என்று அவர் கூறினால், எந்தச் சோதனையால் அம்முடிவுக்கு வந்தார் என்று பணிவோடு கேளுங்கள். தொழிலறிந்தவர் அக்கேள்விக்கு மகிழ்ந்து விடையளிப்பார். விடை வராவிடில், வண்டியை இன்னொருவரிடம் காட்டுவதால் குறைவொன்றும் இல்லை.

செம்பூர் அன்பரின் மகள் இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வண்டியை அன்னையாரே ஓட்டிச் சென்று வாயிலில் இறக்கிவிட்டார் என்று அறிந்து மகிழ்ந்தோம். முன்மூடிக்கடியில் இப்போது எலிப்பொறி ஒன்றும் இருக்கிறதாம்.